எரிகோ மதில்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு பள்ளியில் பைபிளின் யோசுவா 6ஆம் அதிகாரம் (யோசுவா தலைமையில் இஸ்ரவேலர் ஏழு நாள் சுற்றிவந்து ஆர்ப்பரித்ததும் எரிகோ நகரத்தின் மதில் விழுந்த கதை) நடத்திக்கொண்டிருந்தபோது பத்தாவது படிக்கும் பையன் ஒருவன், "அக்கா, மதில் நிஜமாவே விழுந்துச்சா?" என்று கேட்டான். மழுப்ப மனசு வரவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் தேடிப் படித்ததில் குழப்பம்தான் கூடியது. 1930களில் எரிகோவில் தோண்டிய தொல்லியலாளர் கார்ஸ்டாங், நகரம் அழிந்தது கி.மு. 1400 வாக்கில், யோசுவா காலத்தோடு பொருந்துகிறது என்றார். 1952 முதல் 1958 வரை தோண்டிய கேத்லீன் கென்யன், இல்லை, அது கி.மு. 1550 வாக்கிலேயே எரிந்துவிட்டது, யோசுவா வரும்போது அங்கே மதிலே இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிந்தைய காலத்தில் புழங்கிய, சைப்ரஸிலிருந்து வந்த பானை வகை அங்கே கிடைக்காததும் அவருக்கு ஒரு காரணம். இல்லாத பானையை வைத்துக் காலம் கணிக்கலாமா என்று 1990இல் பிரையன்ட் வுட் என்ற தொல்லியலாளர் மறுத்தார். பிறகு அங்கே கிடைத்த கருகிய தானியத்தைக் கதிரியக்கக் கரிமச் சோதனை (பழம்பொருளின் வயதைக் கணிக்கும் சோதனை) செய்தபோது அது கென்யன் பக்கமே சாய்ந்தது.

ஆனால் ஜாடி ஜாடியாகத் தானியம் கருகிக் கிடந்ததே, அதுதான் என்னை விடவில்லை. நீண்ட முற்றுகையில் பசி கிடந்த ஊர் என்றால் அவ்வளவு மிஞ்சியிருக்குமா? யோசுவா கதையில் போல ஏழே நாளில் விழுந்திருந்தால்தானே மிஞ்சும்? யோசுவா 3இல் அது அறுப்புக்காலம் என்று வேறு இருக்கிறது.

தொல்லியல் படித்தவர்கள் சொல்லுங்கள்: அந்தக் கரிமச் சோதனையில் நூற்றைம்பது வருடம் தவற வாய்ப்பு உண்டா? விசுவாசிகளும் சரி, நம்பாதவர்களும் சரி, மனதில் பட்டதை நேராகவே எழுதுங்கள். அந்தப் பையனிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.