பெயரிடப்படாத ஹாப்ஸ் ரகத்தை எப்படிச் சோதிப்பது?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் யகிமா பள்ளத்தாக்கில் விளைந்த, எண் மட்டுமே கொண்ட சோதனை ரக ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ) 200 கிராம் கிடைத்திருக்கிறது. நான் வீட்டில் 20 லிட்டர் அளவில் பியர் காய்ச்சுகிறேன். வழக்கமான ஐபிஏவில் (ஹாப்ஸ் தூக்கலான பியர் வகை) சிட்ரா என்ற ஹாப்ஸ் ரகத்துக்குப் பதிலாக இதைச் சேர்த்துப் பார்த்தால் போதுமா? உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பிசுபிசுவென்று மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்கிறது. பழுத்த கொய்யாவின் மணம் வருகிறது. பியரிலும் அதே மணத்தை எதிர்பார்க்கலாமா?

மறுமொழி 1:
ஐபிஏவில் சேர்க்க வேண்டாம். மற்ற ஹாப்ஸும் கேரமல் மால்ட்டும் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்) இதன் குணத்தை மறைத்துவிடும். ஒரே வகை வெளிர் மால்ட், அதிக மணம் தராத ஈஸ்ட் ஆகியவற்றுடன் இந்த ஹாப்ஸை மட்டும் சேர்த்துக் காய்ச்சுங்கள். கையில் வரும் மணம் அப்படியே பியரில் வராது. கொதிக்கும்போது மிர்சீன் போன்ற எண்ணெய்கள் பெரும்பாலும் ஆவியாகிவிடுகின்றன. நொதிக்கும்போது ரோஜா மணமுள்ள ஜெரானியாலின் ஒரு பகுதியை ஈஸ்ட், எலுமிச்சை மணமுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றிவிடுகிறது. ஆகவே அடுப்பை அணைத்த பின் 40 கிராம், நொதித்தல் அடங்கியதும் டிரை ஹாப்பிங்காக (கொதிக்க வைக்காமல் பியரிலேயே ஊறவிடுவது) லிட்டருக்கு 4 கிராம் என்று சேர்த்துப் பாருங்கள். மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் வையுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன், ஒப்பிடுவதற்குச் சிட்ராவை வைத்து அதே முறையில் இன்னொரு பியரும் காய்ச்சுங்கள். பிறகு மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரு பியரையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றி, எது வேறானது என்று கேளுங்கள். சும்மா ஊகித்தாலே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 12 பேரில் குறைந்தது 8 பேராவது கண்டுபிடித்தால்தான் வேறுபாடு இருப்பதாகக் கொள்ளலாம். "நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேளுங்கள்; ஓசியில் பியர் குடிப்பவர் எதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

மறுமொழி 3:
ஒரே அறுவடையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அறுவடை தாமதமானால் சில ரகங்களில் வெங்காயம், பூண்டு வாடை ஏறிவிடும். சிட்ராவும் ஒரு காலத்தில் எச்பிசி 394 என்ற எண்ணாகத்தான் இருந்தது. 1956இல் சேகரித்த விதையிலிருந்து வந்த கேஸ்கேட் ரகம் 1972இல்தான் வெளியானது. மணம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், சாம்பல் நோயைத் தாங்காத கொடியையும் விளைச்சல் குறைந்த கொடியையும் விவசாயி நட மாட்டார். அதனால் பல ரகங்கள் தோட்டத்திலேயே கழிக்கப்படுகின்றன. உங்கள் பொட்டலத்தில் அறுவடை ஆண்டும், கசப்பு தரும் ஆல்ஃபா அமிலத்தின் அளவும் அச்சிடப்பட்டுள்ளனவா?

கேட்டவர்:
இரண்டும் இருக்கின்றன, ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம். கசப்புக்காகக் கொதிக்கத் தொடங்கும்போதும் இதையே சேர்க்கலாமா?

மறுமொழி 1:
சேர்க்கலாம், ஆனால் 10 கிராமுக்கு மேல் வேண்டாம்; கசப்பு ஓங்கினால் மணத்தைச் சரியாக எடைபோட முடியாது.