சென்னையில் கைதான தம்பி எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதைப் பதிவுகளில் கண்டறிவது எப்படி?

கேள்வி: கோவைவாசி

வணக்கம். சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் என் தம்பியை நேற்று மாலை ஆறரை மணியளவில் சாதாரண உடையில் வந்த சிலர் விசாரணைக்கு என்று சொல்லி அழைத்துச் சென்றதாக, பக்கத்து அறையில் இருக்கும் நண்பர் தெரிவித்தார். அப்போதிலிருந்து தம்பியின் கைபேசி அணைக்கப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு அந்த நண்பரை அனுப்பியபோது, அப்படி யாரையும் அழைத்து வரவில்லை என்று வாசலில் இருந்த பாரா காவலரே திருப்பி அனுப்பிவிட்டார். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. ஆனால் அது காவல் நிலையத்தையும் குற்ற எண்ணையும் கேட்கிறதே தவிர, பெயரைக் கொண்டு தேட வழி தரவில்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் சிறையில் அடைக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பெயர் போட்டு இணையத்திலேயே பார்க்கலாம் என்கிறார்கள். சென்னைக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால், கோவையில் இருந்துகொண்டு நான் யாரிடம், எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

பதில்: எழும்பூர் வழக்கறிஞர்

சகோதரி, பெயரைப் போட்டுத் தேடினால் கைதானவரின் இருப்பிடத்தைக் காட்டும் பொதுப் பட்டியல் சென்னைக்கு இல்லை. அதைத் தேடி இணையத்தில் இரவைக் கழிக்க வேண்டாம். அதே நேரத்தில், கைது என்பது சட்டப்படி பல இடங்களில் எழுதி வைக்கப்பட வேண்டிய ஒன்று. அந்த இடங்களை வரிசையாகக் கேட்டுச் சென்றால் விவரம் கிடைக்கும்.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது கூறின்படியும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆவது பிரிவின்படியும், கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரின் முன் நிறுத்தியாக வேண்டும். நேற்று மாலை ஆறரை மணி என்றால், இன்று மாலைக்குள் ஏதோ ஒரு நீதிமன்றத்தில் உங்கள் தம்பியின் பெயர் ஏறியிருக்க வேண்டும், அல்லது அவர் வெளியே விடப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். அதே சட்டத்தின் 37ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. (அசிஸ்டென்ட் சப்-இன்ஸ்பெக்டர்) நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பதிந்து, நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் அனைவருக்கும் தெரியும்படி காட்டி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மின்னணு முறையில் காட்டினாலும் போதும். நீங்கள் கேட்ட பொதுப் பதிவுக்கு நம் சட்டத்தில் மிக நெருங்கியது இதுதான். எல்லா நிலையங்களிலும் அந்தப் பலகை அன்றாடம் புதுப்பிக்கப்படுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லும் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பலர் தடுமாறுவது எல்லை விஷயத்தில்தான். 2022 ஜனவரி முதல் சென்னை மாநகரப் பகுதி ஒரே காவல் ஆணையரகத்தின் கீழ் இல்லை. பெருநகர சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று ஆணையரகங்கள் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் பிடிபட்டவரைப் பற்றி வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையர் அலுவலகத்தில் கேட்டால், அங்கே உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம், ஏனெனில் அது தாம்பரம் எல்லை. செங்குன்றம் பக்கம் என்றால் ஆவடி. ஆகவே மூன்று கட்டுப்பாட்டு அறைகளிலும் கேட்பது நல்லது. சாதாரண உடையில் வந்தார்கள் என்கிறீர்கள். அது உள்ளூர் நிலையமாக இல்லாமல் மத்திய குற்றப்பிரிவாகவோ, சைபர் குற்றப்பிரிவாகவோ, வேறு மாவட்டத்துத் தனிப்படையாகவோ இருக்கக்கூடும். பாரா காவலர் சொன்னது அவரைப் பொறுத்தவரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற நிலைய எழுத்தர்

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நிலையத்தில் காகிதம் எப்படி நகர்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

ஒருவரைக் கைது செய்தால் முதலில் கைதுக் குறிப்பு எழுதப்படும். அதில் தேதியும் நேரமும் இருக்கும். உறவினர் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். பக்கத்து அறை நண்பரிடம் எந்தத் தாளிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால், அந்தத் தாளில் எந்த நிலையம், எந்தப் பிரிவு என்பதை அவர் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. வாங்கவில்லையென்றால், அவர்கள் கணக்கில் இது இன்னும் விசாரணையாகவே இருக்கலாம், கைது ஆகாமல் இருக்கலாம். இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் அலைய நேரிடுகிறது.

ரிமாண்டுக்கு, அதாவது நடுவர் காவலில் வைக்க உத்தரவிடுவதற்கு, முன்னால் அரசு மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ‘மெடிக்கல் போட்டு ரிமாண்ட்’ என்று நிலையத்தில் சொல்வார்கள். அதன் பிறகு சம்பந்தப்பட்ட நடுவர் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். நேரம் கடந்துவிட்டாலோ விடுமுறையாக இருந்தாலோ, பொறுப்பில் இருக்கும் நடுவரின் வீட்டுக்கே அழைத்துச் செல்வதும் வழக்கம். அதனால் நீதிமன்ற வளாகத்தில் யாரையும் காணோம் என்பதாலேயே ரிமாண்ட் ஆகவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மறுநாள் காலை அந்த நீதிமன்றத்தில் காவல் நிலையத்தின் சார்பில் பணியில் இருக்கும் கோர்ட் காவலரிடம் கேட்டால் குற்ற எண் கிடைத்துவிடும். குற்ற எண்ணும் நிலையத்தின் பெயரும் கையில் இருந்தால் மற்ற எல்லாக் கதவுகளும் திறக்கும்.

பதில்: கோவைவாசி

இருவருக்கும் நன்றி. நண்பரிடம் கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. கட்டுப்பாட்டு அறைகளில் பேசிப் பார்த்தேன். ஓரிடத்தில், பக்கத்து ஆணையரகத்தின் ஒரு பிரிவு அழைத்துச் சென்றிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள், எழுத்தில் எதுவும் தரவில்லை. குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லையா? நாங்கள் வேறு மாவட்டத்தில் இருப்பதால் அது பொருந்தாதா?

பதில்: எழும்பூர் வழக்கறிஞர்

பொருந்தும். கைதானவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ கைதையும் வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அதே சன்ஹிதாவின் 48ஆவது பிரிவு; அப்படித் தெரிவித்ததை நிலையத்தில் உள்ள புத்தகத்தில் பதிய வேண்டும், அது நடந்ததா என்று நடுவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உங்கள் நிலைமைக்கே உரிய கட்டளை ஒன்றை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் இட்டிருக்கிறது: உறவினர் வெளி மாவட்டத்தில் இருந்தால், கைதானதிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்துக்குள், சட்ட உதவி அமைப்பின் வழியாகவும் உறவினர் வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்தின் வழியாகவும் தகவல் சேர வேண்டும். அதாவது, கோவையில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் வந்ததா என்று நீங்களே நேரில் கேட்கலாம். இதை யாரும் செய்வதில்லை, செய்து பாருங்கள்.

இப்போது எழுத்தில் ஒன்று போக வேண்டும். முன்பெல்லாம் ஆணையருக்கும் நடுவருக்கும் தந்தி கொடுப்போம். அந்தத் தந்தி ரசீது பின்னர் உயர் நீதிமன்றத்தில் பேசும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனதால், இன்று மின்னஞ்சலும் விரைவு அஞ்சலும் அந்த வேலையைச் செய்கின்றன. தம்பியின் பெயர், வயது, அழைத்துச் சென்ற நேரம், இடம், பார்த்த சாட்சி ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, மூன்று ஆணையர்களுக்கும் அனுப்புங்கள். கோபமான சொற்கள் வேண்டாம். நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும் என்றும் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியும் கிடைக்கும்.

24 மணி நேரம் கடந்தும் கைதும் இல்லை, விடுதலையும் இல்லை என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கேட்கும் மனு) தாக்கல் செய்ய வேண்டியதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவில், உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இருக்கிறது. அதுவும் ஒரு வழியே. ஆனால் ஆட்கொணர்வு மனுவுக்கு மாற்றாக அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

பதில்: வீட்டு உரிமையாளர்

இதே விஷயத்தில் எனக்கும் ஒரு சந்தேகம். என் வீட்டுக்கு வாடகைக்கு வர விரும்புபவர் மீது முன்பு கைது, வழக்கு ஏதாவது இருக்கிறதா என்பதை நானே பதிவுகளில் பார்க்க முடியுமா?

பதில்: ஓய்வுபெற்ற நிலைய எழுத்தர்

கைதுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க முடியாது. வாடகைதாரரைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையே இணையவழியில் கட்டணச் சேவை வைத்திருக்கிறது; அதில் விண்ணப்பிப்பதே முறை. பணம் வாங்கிக்கொண்டு ‘முழுக் குற்ற வரலாறு’ தருவதாகச் சொல்லும் தனியார் இணையதளங்களை நம்பாதீர்கள். பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் வழக்கை இவர் தலையில் ஏற்றிவிட்டால் யார் பொறுப்பு? தவிரவும், கைதானவர்களில் விடுதலையானவர்கள் எத்தனையோ பேரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

பதில்: கோவைவாசி

மின்னஞ்சல் அனுப்பிய பிறகு எனக்கு அழைப்பு வந்தது. தம்பியைக் கைது செய்து, இரவிலேயே நடுவரின் முன் நிறுத்தி, நீதிமன்றக் காவலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் கிடைத்துவிட்டன. அந்த எண்ணைப் போட்டும் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கை வரவில்லை. நீதிமன்றங்களின் இணையதளத்தில் தேடினாலும் வழக்கு இல்லை என்றே காட்டுகிறது. அவரை எந்தச் சிறையில் வைத்திருப்பார்கள், எப்படிப் பார்ப்பது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: எழும்பூர் வழக்கறிஞர்

அறிக்கை வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும்; இணைய வசதிச் சிக்கல் இருக்கும் இடங்களில் அது 72 மணி நேரம் வரை நீளலாம். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்திறன் மிக்க வழக்குகளுக்கு இந்த உத்தரவு பொருந்தாது. இரண்டாவது வகை என்றால் காத்திருந்து பயன் இல்லை. நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலை வாங்க வேண்டும். அதே உத்தரவின்படி அதை இரண்டு வேலை நாட்களில் தர வேண்டும்.

நீதிமன்றங்களின் இணையதளத்தில் வழக்கு எண் கிடைப்பது பெரும்பாலும் குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்புக்கு எடுத்த பிறகுதான். அதற்கு முன்பே உள்ளே நுழைய ஒரு வழி இருக்கிறது: பிணை மனு. பிணை மனு தாக்கலானதும் அது தனி எண் பெற்று, மனுதாரர் பெயரில் பட்டியலில் ஏறிவிடும். அங்கே பெயரைக் கொண்டே தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டு ஆளுக்கொரு விதமாக இருப்பதால், முழுப்பெயரைப் போடாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போடுங்கள். தந்தையின் முதலெழுத்தைச் சேர்க்க வேண்டாம். சென்னையில் வரவில்லையென்றால் செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஆணையரகத்தின் எல்லையும் நீதிமன்றத்தின் எல்லையும் ஒன்றல்ல.

பதில்: புழல் போய்வந்தவர்

என் அண்ணனுக்காக நான் நடந்த வழி இது. சென்னைப் பகுதியில் ரிமாண்ட் ஆகும் ஆண்கள் பெரும்பாலும் புழல் மத்திய சிறைக்குத்தான் வருவார்கள். அந்த வளாகத்தில் தண்டனைக் கைதிகளுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சிறைகள் உள்ளன. உங்கள் தம்பிக்கு நீங்கள் கேட்க வேண்டியது விசாரணைக் கைதிகளுக்கான புழல் இரண்டு. சந்திப்பதை அங்கே ‘மனு பார்ப்பது’ என்பார்கள். உங்கள் ஆதார் அட்டையை அசலாக எடுத்துச் செல்லுங்கள். தம்பியின் தந்தை பெயர், நிலையம், குற்ற எண் மூன்றையும் தாளில் எழுதி வைத்திருங்கள். ஒரே பெயரில் பலர் உள்ளே இருப்பதால் பெயரை மட்டும் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க நேரமாகும். கோவையிலிருந்து புறப்படும் முன், நடுவண் அரசின் சிறைகள் இணையதளத்தில் உள்ள இ-முலாகாத் பக்கத்தில் சந்திப்புக்குப் பதிவுசெய்ய முயலுங்கள். உள்ளே எதுவும் கொண்டுபோகலாம் என்று எண்ணி மூட்டை கட்ட வேண்டாம்; எதற்கு அனுமதி என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளலாம். வழக்கறிஞரை ஏற்பாடு செய்துவிட்டால், வக்காலத்தில் (வழக்கறிஞரை அமர்த்தும் தாளில்) தம்பியின் கையெழுத்தைச் சிறை அதிகாரியின் சான்றோடு அவரே வாங்கிக்கொள்வார்.

பதில்: கோவைவாசி

புழல் இரண்டில் இருப்பது உறுதியாகிவிட்டது. நாளை அப்பாவுடன் புறப்படுகிறேன். கடைசியாக ஒன்று: ரிமாண்ட் தேதியை நாங்கள் ஏன் குறித்து வைத்திருக்க வேண்டும் என்று தொலைபேசியில் ஒருவர் வலியுறுத்தினார். அதன் காரணம் என்ன?

பதில்: எழும்பூர் வழக்கறிஞர்

அதே சன்ஹிதாவின் 187ஆவது பிரிவின்படி, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கைதானவருக்குப் பிணையில் வெளிவரும் உரிமை பிறந்துவிடும். அந்தக் கணக்கு கைதான நாளிலிருந்து தொடங்குவதில்லை, ரிமாண்ட் செய்யப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த முதல் நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உரிய நாளில் மனு போடாமல் விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். எனவே ரிமாண்ட் உத்தரவின் நகலை வாங்கி, அதிலுள்ள தேதியை உங்கள் வழக்கறிஞரிடம் நாளையே கொடுத்துவிடுங்கள்.