பாப்-அப் விளம்பரம்: வைப்பதா, எடுப்பதா?

செக்கடி:
கொங்குப் பகுதியில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, சொந்த இணையதளத்தில் விற்கிறோம். பக்கம் திறந்ததும் ஒரு பாப்-அப் வரும்: கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் முதல் ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. "எண்ணெய் விலை பார்க்க வந்தால் எண்ணைக் கேட்கிறீர்களே" என்று ஒரு வாடிக்கையாளர் கடிந்து எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெட்டி வழியாக வந்தவர்கள்தான். எடுத்துவிடத்தான் வேண்டுமா?

வரிப்புலி:
எடுத்துவிடுங்கள் ஐயா. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே மன்னிப்புக் கேட்டாயிற்று. ஈதன் சக்கர்மேன் என்பவர் 1990களின் பிற்பகுதியில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை செய்தார். ஒரு கார் நிறுவனம், தன் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் வந்துவிட்டதென்று கொதித்தது. பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் விளம்பரம் திறக்கும்படி இவர் நிரல் எழுதினார். 2014-ல் தி அட்லாண்டிக் இதழில் வருத்தம் தெரிவித்துக் கட்டுரையே எழுதினார். விளம்பரம் கொடுத்தவரின் மானத்தைக் காக்கப் பிறந்த ஏற்பாடு இது. படிக்க வருபவரைப் பற்றி அன்றைக்கும் யாரும் யோசிக்கவில்லை.

நிரலாளன்:
அது வேறு வகை. தனி ஜன்னலாகத் திறப்பவற்றை 2004-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தலிலேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி தடுக்கத் தொடங்கிவிட்டது. செக்கடி வைத்திருப்பது பக்கத்துக்குள்ளேயே எழும் பெட்டி.

வரிப்புலி:
தடுப்பான் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துக் குடிபெயர்ந்திருக்கிறது. குணம் மாறியதா?

செக்கடி:
வரிப்புலி, கோபம் புரிகிறது. என் கணக்கையும் கேளுங்கள். சமூக ஊடகத்தில் விளம்பரம் கொடுத்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. அப்படி வந்தவர் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் காசு போனது போனதுதான். அவர் மறுபடி வர வேண்டுமென்றால் மறுபடி காசு. எண் கையில் இருந்தால் புது எள் வந்ததும் நானே சொல்லிக்கொள்வேன். பெரிய கம்பெனிக்கு இது தொல்லை பிடித்த உத்தியாக இருக்கலாம். எனக்கு இதுதான் முதலீடு.

மதுரைக்காரி:
அண்ணா, வாங்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உங்கள் தளம் இல்லை, வேறொரு எண்ணெய்க் கடை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, இடது கையில் கைப்பேசி. கடலை எண்ணெய் ஐந்து லிட்டர் என்ன விலை என்று பார்க்கத் திறந்தேன். பெட்டி எழுந்தது. அடுத்த நொடி கீழேயிருந்து விசைப்பலகையும் தானாக எழுந்தது. மிஞ்சிய இடத்தில் கடையின் பெயர்கூடத் தெரியவில்லை. மூடுகிற பெருக்கல் குறி வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், கடுகளவு. அழுத்தினால் விரல் பக்கத்தில் பட்டு வேறு பக்கம் திறக்கிறது. கீழே மறுப்பதற்கு ஒரு வரி: "வேண்டாம், எனக்குக் கலப்பட எண்ணெயே போதும்." அந்த வரிக்காகவே அந்தக் கடையில் இதுவரை வாங்கவில்லை.

நிரலாளன்:
அந்த வரி இங்கே விதிமீறலும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். மறுப்பவரை வெட்கப்பட வைப்பது அதில் ஒன்று. விமான டிக்கெட்டோடு காப்பீடு வேண்டாம் என்பவரை "பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்" என்று அழுத்தவைப்பதை உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

செக்கடி:
எங்கள் பெட்டியில் வெறும் "வேண்டாம்" என்றுதான் இருக்கிறது. குறியும் பெரிதாகவே இருக்கிறது. வருகிற நேரம்தான் சிக்கல் போலிருக்கிறது.

நிரலாளன்:
நேரமும், யாருக்கு வருகிறது என்பதும். கூகுள் தேடலிலிருந்து கைப்பேசியில் வருபவருக்குப் பக்கத்தை மறைக்கும்படி எதையாவது வைத்தால் தேடல் வரிசையில் பக்கம் பின்னுக்குப் போகலாம். 2017 ஜனவரி 10 முதல் இந்த விதி இருக்கிறது. வயது கேட்பது, குக்கீ அனுமதி, உள்நுழைவு, சிறிய பட்டை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 2018 பிப்ரவரியில் குரோம் தொடங்கிய விளம்பர வடிகட்டலும் பாப்-அப்புகளைக் குறிவைத்ததுதான். ஆனால் அது பிறரிடம் காசு வாங்கிக் காட்டும் விளம்பரத்துக்கு. உங்கள் கடையின் சொந்தத் தள்ளுபடிக்கு அல்ல. பயப்பட வேண்டியது தேடலுக்குத்தான்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் இணைப்பை அழுத்தி வருபவருக்கும் இதே பெட்டி எழுகிறதா?

செக்கடி:
எல்லோருக்கும்தான்.

நிரலாளன்:
அப்படியானால் ஏற்கெனவே எண் கொடுத்தவரிடமே திரும்பவும் எண் கேட்கிறீர்கள். கடிந்து எழுதியவர் அவர்களில் ஒருவரா என்று பாருங்கள். இணைப்பில் ஓர் அடையாளம் சேர்த்தால் அவர்களுக்குக் காட்டாமல் விடலாம், சின்ன வேலைதான். புதியவர்களுக்கும் எந்த அளவுப் பாட்டில் என்று தேர்ந்தெடுத்த பிறகு காட்டுங்கள். அப்போதுதான் பத்து சதவீதம் என்றால் எத்தனை ரூபாய் என்று அவருக்குப் புரியும்.

வரிப்புலி:
அதற்குப் பெட்டி எதற்கு? விலைக்குக் கீழேயே ஒரு வரியாக எழுதலாமே.

செக்கடி:
எழுதிப் பார்த்தோம். எண்கள் வருவது மிகவும் குறைந்துபோனது.

மதுரைக்காரி:
எண் குறைந்தது சரி அண்ணா, ஆர்டர் குறைந்ததா?

செக்கடி:
அதைத் தனியாகப் பிரித்து எடுக்கவில்லை, சகோதரி.

நிரலாளன்:
அதை எடுங்கள். பாதிப் பேருக்குப் பெட்டி, பாதிப் பேருக்கு வரி. இரண்டு பக்கமும் விற்ற லிட்டரை மட்டும் எண்ணுங்கள். கூப்பனுக்காக எண்ணைக் கொடுத்துவிட்டு ஒன்றும் வாங்காதவர்கள் பட்டியலைப் பெருக்கத்தான் செய்வார்கள்.

செக்கடி:
சரி. தீபாவளிக்கு முன் மாதம் விற்பனை ஏறும்போது இதில் கை வைக்க மாட்டேன். அது முடிந்ததும் பிரித்துப் பார்க்கிறேன். வாட்ஸ்அப் வழியாக வருபவர்களுக்கு மட்டும் இன்றே நிறுத்திவிடுகிறேன். ஒருமுறை மூடியவருக்கு எத்தனை நாள் கழித்துத் திரும்பக் காட்டலாம்?

நிரலாளன்:
ஒரு மாதமாவது விடுங்கள்.

வரிப்புலி:
"வேண்டாம்" என்று அழுத்தியவருக்கு ஒரு மாதம் கழித்தும் எதற்கு? இதில் நான் ஒத்துப்போகப் போவதில்லை.