வால்நட் அடிமரத்தை அறுக்கையில் ரம்பம் வலப்பக்கமாக வளைகிறது

மூன்று மாதங்களுக்கு முன் காற்றில் வேரோடு சாய்ந்த இரண்டு வால்நட் மரங்களை விறகுக்காக அறுத்து வருகிறேன். கிளைகள் சிக்கலின்றி முடிந்தன. ஏறத்தாழ 55 செ.மீ. குறுக்களவுள்ள அடிமரத்தில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது. கரும்பழுப்பு நிற வைரத்தை (மரத்தின் கெட்டியான உட்பகுதியை) எட்டியதும் வெட்டு வலப்பக்கம் வளைந்து, ரம்பம் இறுகிவிடுகிறது. (இத்தனை அழகான கட்டையை எரிக்க மனமில்லைதான், நெடுக வெடித்திருப்பதால் பலகைக்குத் தேறாது.)

என்னிடம் இருப்பது 45 சிசி பெட்ரோல் சங்கிலி ரம்பம். 16 அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு), ஐந்து ஆண்டுகளாக மாற்றப்படாதது. பட்டையில் ஒட்டிய மண் பற்களை மழுக்கியிருக்கும் என்றெண்ணி, பட்டையை உரித்துவிட்டு, 4.8 மி.மீ. அரத்தால் இருபுறப் பற்களையும் ஒரே கோணத்தில் தீட்டினேன். பின்னர் புதுச் சங்கிலியே போட்டேன். மாவு போன்ற தூளுக்குப் பதில் நல்ல சிராய்கள் விழுந்தனவே தவிர, வளைவு நேராகவில்லை. மரம் தன் எடையால் வெட்டுவாயை மூடுகிறதோ என்று ஆப்பு வைத்தும், முட்டுக்கொடுத்துக் கீழிருந்து மேலாக அறுத்தும் பார்த்தாயிற்று. எண்ணெய் தடையின்றி வருகிறது. பாரின் ஒரு விளிம்பை மட்டும் வருடினால் நகத்தில் தட்டும் அளவுக்குப் பிசிறு இருக்கிறது.

அந்தப் பிசிறை அரத்தால் சமன்செய்தால் போதுமா, அல்லது பாரையே மாற்ற வேண்டுமா?