புதுப்பிப்பு: தூத்துக்குடியில் கடல் தூண்டில் கற்றுத்தர ஆள் கிடைத்துவிட்டார்

கொடைக்கானல்காரன், தூத்துக்குடியில் மச்சானோடு கூட்டாக ஃபைபர் படகு வாங்கிவிட்டு, தூண்டில் மீன்பிடிப்பு கற்றுத்தர மண்டாடி (படகை நடத்தும் அனுபவசாலி) எங்கே கிடைப்பார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இதுதான்: "விடியற்காலை ஏலக்கூடத்தில் போய் நில்லுங்கள், தூண்டில் மீன் தினமும் யார் கொண்டுவருகிறார் என்று பாருங்கள்." மூன்றாம் நாள் ஓர் அண்ணன் சிக்கினார். முப்பது வருஷக் கடல் அனுபவம். பிடிக்கும் மீனில் பங்கு பேசாமல் நாள் கூலி பேசச் சொன்னதும் சரியான யோசனை. பங்கு என்றால் அவர் கவனம் மீன்மேல்தான் இருந்திருக்கும்.

ஜிபிஎஸ்ஸை அவர் தொடவே இல்லை. மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து, பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. கிடைத்தது இரண்டு விளைமீன், ஒரு பாறை மீன்.

எதிர்பாராதது குமட்டல். வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஒருநாளும் வாந்தி எடுக்காதவன், கடலில் ஒரு மணி நேரம் படகின் ஓரத்தைவிட்டு நகரவில்லை. மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆடத் தொடங்கியபின் போட்டால் வயிற்றில் நிற்காது.