40 முன்பக்க அச்சுகளிலிருந்து எத்தனை தாலந்து வெள்ளி? கிரேக்க நாணயங்களின் அச்சு ஆய்வு குறித்து ஓர் ஐயம்

கேள்வி

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கிரேக்க நகரங்கள் வெளியிட்ட வெள்ளி நாணயங்களைப் பற்றிப் படித்துவருகிறேன். கிடைத்திருக்கும் நாணயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவையெவை ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை என்று பிரித்து, அதைக் கொண்டு ஒரு நகரம் மொத்தம் எவ்வளவு வெள்ளியை நாணயமாக்கியது என்று கணக்கிடும் முறை அடிக்கடி கண்ணில் படுகிறது. நாணயச்சாலையின் ஏடுகள் எஞ்சாத நிலையில் இதை விட்டால் வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் கணக்கின் நடுவே எனக்குத் தெளிவில்லாத இடங்கள் உள்ளன.

கணக்குக்காக ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். நான்கு டிராக்மா (கிரேக்கரின் வெள்ளி நாணய அலகு) மதிப்புள்ள நாணயங்கள் 120 கிடைத்துள்ளன. அவற்றில் 40 முன்பக்க அச்சுகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அந்த 40-இல் 13 அச்சுகளுக்கு ஒரேயொரு நாணயம்தான் சான்று. இதை வைத்து, நம் கண்ணில் படாமலே போன அச்சுகள் எத்தனை என்று எப்படிச் சொல்கிறார்கள்? பிறகு ஓர் அச்சுக்கு 20,000 நாணயம் என்று பெருக்குகிறார்களே, அந்த 20,000 எங்கிருந்து வந்தது? முன்பக்க அச்சை மட்டும் எண்ணுவது ஏன்?

மறுமொழி 1

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முன்பக்க அச்சு பட்டடையில் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கும்; பின்பக்க அச்சு, பணியாளர் கையில் பிடிக்கும் உலோகத் தண்டின் அடிநுனியில் வெட்டப்பட்டிருக்கும். இடையில் வெள்ளி வில்லையை வைத்து, தண்டின் தலையில் சம்மட்டியால் அடிப்பார்கள். அடியை நேராக வாங்குவது மேலிருக்கும் பின்பக்க அச்சு என்பதால் அது முதலில் நைந்துபோகும். ஒரு முன்பக்க அச்சு உழைத்து முடிப்பதற்குள் பல பின்பக்க அச்சுகள் மாறியிருக்கும். (தலை உருவம் இருக்கும் பக்கமே முன்பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சிசிலி நகரமான சிரக்கூசின் நான்கு டிராக்மா நாணயங்களில் தேர் இருக்கும் பக்கமே முன்பக்கம். நீர்த்தேவதை அரெத்தூசாவின் தலை பின்பக்கம்.)

இதை நேரடியாகக் காட்டும் சான்று ஏதென்சின் பிற்காலத்து, அதாவது 'புதிய பாணி' என்று வழங்கப்படும் நாணயங்களில் உள்ளது. அவற்றின் பின்பக்கத்தில் ஆந்தை ஒரு சாடியின் மேல் நிற்கும். சாடியின் மீது அடிக்கப்பட்ட மாதத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். ஒரே முன்பக்க அச்சு அடுத்தடுத்த மாத எழுத்துகளைக் கொண்ட பின்பக்க அச்சுகளோடு இணைந்து வருவதையும், சில பின்பக்க அச்சுகளில் பழைய மாத எழுத்தின் மேலேயே புதிய எழுத்து வெட்டப்பட்டிருப்பதையும் உருப்பெருக்கியின் கீழ் பார்க்கலாம்.

இனி உங்கள் 120 நாணயங்கள். ஒற்றைச் சான்றுள்ள அச்சுகளே இங்கு முக்கியமானவை. 13-ஐ 120-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் ஏறத்தாழ 89 விழுக்காடு வரும். அந்நகரம் அடித்த நாணயங்கள் அனைத்திலும் சுமார் 89 விழுக்காடு, நமக்குத் தெரிந்த 40 அச்சுகளிலிருந்தே வந்தவை என்பது இதன் பொருள். இந்தக் கணிப்புக்கு அச்சுகளின் ஆயுள் பற்றிய ஊகம் எதுவும் தேவையில்லை என்பதால், இந்தத் துறையின் எண்களில் நான் பெரிதும் நம்புவது இதைத்தான்.

மொத்த அச்சுகள் எத்தனை என்று கேட்டால் ஊகம் தேவைப்படுகிறது. எல்லா அச்சுகளும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்தன என்று கொண்டால் விடை 42 அல்லது 43. பல அச்சுகள் தொடக்கத்திலேயே உடைந்தன, சில நெடுநாள் உழைத்தன என்று கொண்டால், கணிதவியலாளர் வாரன் எஸ்டியின் எளிய சூத்திரம் பொருந்தும்: நாணய எண்ணிக்கையை அச்சு எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 120 பெருக்கல் 40, வகுத்தல் 80, விடை 60. இந்த இரண்டாம் ஊகத்தின்படி ஒற்றைச் சான்றுள்ள அச்சுகள் 13 வரை எதிர்பார்க்கலாம். ஒரே ஆயுள் என்ற ஊகத்தின்படி 7 அல்லது 8 மட்டுமே இருந்திருக்கும். ஆகவே உங்கள் மாதிரி 60-இன் பக்கமே சாய்கிறது.

மறுமொழி 2

20,000 என்ற எண் எந்தப் பழைய ஆவணத்திலும் இல்லை; ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட தோராய அளவு அது. கிரேக்க உலகில், அடித்த வெள்ளியின் அளவையும் எஞ்சிய அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்பளிக்கும் சான்று என்று வழக்கமாகக் காட்டப்படுவது டெல்பியில் கி.மு. 336 அளவில் தொடங்கிய ஆம்ஃபிக்தியோனிக் (டெல்பி கோயிலைப் பேணிய கிரேக்கக் கூட்டமைப்பின்) நாணய வெளியீடு. அப்பொல்லோ கோயில் மீண்டும் கட்டப்பட்டுவந்த காலத்தில், பல நகரங்களின் பழைய நாணயங்களை உருக்கிப் புதியனவாக அடித்தனர். அதன் கணக்கு கல்லில் வெட்டப்பட்டது. கல்வெட்டு சிதைந்திருப்பதால் கூட்டுத்தொகையை ஊகித்தே நிரப்ப வேண்டியுள்ளது. அதைக் கொண்டு நாணயவியலாளர் பிலிப் கின்ஸ் 1983-இல் ஒரு முன்பக்க அச்சுக்குக் கண்ட அளவு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 நாணயங்கள் வரை விரிகிறது. டேவிட் செல்வுட் 1960-களில் தாமே அச்சு வெட்டி அடித்துப் பார்த்த சோதனையில், முன்பக்க அச்சு 10,000-க்கும் மேற்பட்ட அடிகளைத் தாங்கும் என்றும், பின்பக்க அச்சின் ஆயுள் அதில் ஏறத்தாழப் பாதி என்றும் கண்டார்.

நாணயவியலாளர் டி.வி. பட்ரி 1990-களில் இந்தப் பெருக்கல் முழுவதையும் மறுத்தார். இடைக்கால இங்கிலாந்தின் நாணயச்சாலைக் கணக்குகளிலேயே அச்சுக்கு அச்சு உற்பத்தி பெரிதும் மாறுகிறது. அச்சு தேயும்வரை உழைக்க வைத்தார்கள் என்பதற்கு உறுதியில்லை. அன்றைக்குக் கையிருப்பில் வெள்ளி தீர்ந்தால் வேலையும் நின்றிருக்கும். மற்றொரு நாணயவியலாளர் பிரான்சுவா டெ கலதாய் அதற்கு எழுதிய மறுப்பில், பெரிய வெளியீடுகளைப் பொறுத்தவரை சராசரிக்குப் பொருள் உண்டு என்றார். என் சாய்வு டெ கலதாய் பக்கம்தான். ஆனால் ஐந்தாறு அச்சுகளே உள்ள சிறு நகரத்துக்குப் பட்ரியின் தடை அப்படியே நிற்கிறது.

மேலே மறுமொழி எழுதியவரின் இரண்டு விடைகளையும் பெருக்கிப் பாருங்கள். ஓர் அட்டிக் தாலந்து 6,000 டிராக்மா, அதாவது 1,500 நான்கு டிராக்மா நாணயங்கள். 60 அச்சுக்கு 20,000 வீதம் 12 இலட்சம் நாணயங்கள், 800 தாலந்து. 42 அச்சுக்கு 560 தாலந்து. இடைவெளி 240 தாலந்து. ஏதென்சின் கூட்டணி நகரங்களுக்கு முதலில் விதிக்கப்பட்ட ஆண்டுத் திறை 460 தாலந்து என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் சொல்வதை நினைத்தால், இது சிறிய தொகையன்று. அச்சுக்கு 10,000 அல்லது 40,000 என்று மாற்றினாலோ, அதே 60 அச்சுகள் 400 தாலந்திலிருந்து 1,600 தாலந்து வரை விரிகின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. 60 அச்சுகளில் பல விரைவில் உடைந்தவை என்றால், 60-க்கும் பொதுவான சராசரி, கண்ணில் பட்ட 40-இன் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். 12 இலட்சத்தில் 89 விழுக்காட்டை 40-ஆல் வகுத்தால் ஓர் அச்சுக்கு ஏறத்தாழ 26,700 வருகிறது. ஆகவே கண்ட அச்சுகளைக் கொண்டு பெற்ற சராசரியை, கணித்த மொத்த அச்சுகளோடு பெருக்குவது கணக்கை ஊதிப் பெரிதாக்கும். அச்சிட்ட ஆய்வுகளிலும் இது நடக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் தாலந்துக் கணக்கை விட்டுவிட்டு, இரண்டு நகரங்களின் அச்சு எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

மறுமொழி 3

ஒப்பிடலாம், ஆனால் ஒரே எடைமதிப்புள்ள நாணயங்களை மட்டும், அதுவும் வெளியீடு நடந்த ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகு. நான்கு டிராக்மா அச்சு ஒன்றும் ஒரு டிராக்மா அச்சு ஒன்றும் வெள்ளியளவில் சமமாகா.

அதற்கு முன் மாதிரியைச் சலித்தெடுக்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி இதுதான். ஒரே நாணயம் பல ஏலப் பட்டியல்களில் படமாக வந்திருக்கும். விளிம்பின் வெடிப்பையும் எடையையும் ஒப்பிட்டு அவற்றை ஒன்றாக்காவிட்டால் 120 என்ற எண்ணே பொய்யாகும், ஒற்றைச் சான்றுகளும் தவறாகக் குறையும். அடுத்தது புதையல். நாணயச்சாலையிலிருந்து வெளிவந்த சில நாள்களிலேயே புதைக்கப்பட்ட குவியலில் ஒரே அச்சின் நாணயங்கள் கொத்தாக இருக்கும். 120-இல் 50 அத்தகைய ஒரு புதையலிலிருந்து வந்தவை என்றால் சூத்திரங்கள் எதிர்பார்க்கும் தற்செயல் அங்கே இல்லை. அந்த 50-ஐ நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே தருவதே முறை.

தேய்ந்த அச்சைத் திருத்தி வெட்டியிருந்தால் அதைப் புதிய அச்சாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. தேர்ச்சக்கரத்தின் அருகே மயிரிழைபோல் தொடங்கும் விரிசல் அடுத்தடுத்த நாணயங்களில் குதிரைக் கால்வரை வளர்வதைப் பின்தொடர்ந்தால், இரண்டு அச்சுகளாகத் தோன்றியவை ஒன்றே என்பது தெரிந்துவிடும். எந்தப் பின்பக்கம் முதலில் இணைந்தது என்ற வரிசையும் கிடைக்கும்.

தாலந்துக் கணக்கைச் செய்தே ஆக வேண்டுமென்றால், அதை நகரத்தின் புதிய செல்வம் என்று எழுதிவிடாதீர்கள். சிசிலி நகரங்களுக்கு வெள்ளி வெளியிலிருந்துதான் வந்தது. கொரிந்து நாணயத்தின் மேலேயே அடிக்கப்பட்ட சிசிலி நாணயங்கள் உண்டு. அவற்றில் பழைய சிறகுக் குதிரையின் தடம் புதிய உருவத்தின் அடியில் மங்கலாகத் தெரியும். அந்த வெள்ளி கொரிந்தின் உற்பத்தியிலும் ஒருமுறை எண்ணப்பட்டிருக்கும்.