பாலூட்டிகளின் சிவப்பணு உட்கருவை இழந்தது இடத்துக்காகவா?

இளவேனில்:
ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் ஒதுக்கவே பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் உட்கருவை வெளியேற்றுகின்றன என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இமயமலையைக் கடந்து கூந்தன்குளம் வரை வரும் வரித்தலை வாத்து, உட்கருவுள்ள சிவப்பணுக்களோடுதான் அந்த மெல்லிய காற்றில் சிறகடிக்கிறது. ஆக்சிஜன் தேவையே காரணமென்றால் முதலில் உட்கருவைத் துறந்திருக்க வேண்டியவை பறவைகள் அல்லவா?

மருதன்:
பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதால் அது நம்முடையதைவிடத் திறமையாக ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறது. அதை விட்டுவிட்டு அணுக்களை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகாது. எனினும், நான் முதன்மையாகக் கருதுவது வளைந்துகொடுக்கும் தன்மையைத்தான். ஏழெட்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலமுள்ள மனிதச் சிவப்பணு, தன்னைவிடக் குறுகிய தந்துகிகளிலும், அவற்றினும் குறுகலான மண்ணீரல் இடுக்குகளிலும் நுழைந்து வெளிவர வேண்டும். உட்கருவோ செல்லின் மிக விறைப்பான பகுதி. மண்ணீரல் அகற்றப்பட்டவரின் இரத்தப்பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால், சில சிவப்பணுக்களுக்குள் அடர் ஊதா நிறத்தில் சிறு உருண்டைப் புள்ளிகள் தெரியும். அவை ஹோவெல்-ஜாலி உருண்டைகள், அதாவது உட்கருவின் மிச்சங்கள். மண்ணீரல் இருந்திருந்தால் அவற்றைக் கிள்ளி எடுத்திருக்கும்.

இளவேனில்:
இன்றைய உடல் உட்கருவின் எச்சத்தைச் சகிப்பதில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தொடக்கத்தில் உட்கரு ஏன் போனது என்பதற்கு அது சான்றாகாது. பாலூட்டிக் கருவில் முதலில் தோன்றும் சிவப்பணுக்கள் உட்கருவோடுதான் குருதியோட்டத்தில் இறங்குகின்றன. இட வாதத்தின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 140 சதுர மைக்ரான் பரப்புள்ள ஒரு மனிதச் சிவப்பணு உருண்டையாக இருந்தால் ஏறத்தாழ 155 கன மைக்ரான் கொள்ளும். உண்மையில் அது கொள்வது 90 அளவில்தான். இடத்துக்காக உட்கருவை வெளியே தள்ளிய செல், இருபுறமும் குழிந்து இடத்தை ஏன் வீணாக்குகிறது?

மருதன்:
இட வாதத்தை முன்வைத்தது பாடநூல், நானல்ல. நீங்கள் தந்த கணக்கு என் பக்கமே சாய்கிறது: கொள்ளளவைவிட மிகுதியான அந்தப் பரப்புதான் செல்லைக் கிழியாமல் மடங்கச் செய்கிறது.

கயல்:
இருவரும் மரபணுத்தொகுதியின், அதாவது உட்கருவில் உள்ள மொத்த டி.என்.ஏ.வின், அளவை மறந்துவிட்டீர்கள். அது பெரிதானால் உட்கருவும் பெரிதாகும். பாலூட்டிகளில் அது பொதுவாக 300 கோடி கார இணைகள். பறவைகளில் 100 கோடியைச் சற்றே தாண்டும். சிறிய உட்கருவை வைத்துக்கொண்டு பறவைகள் சமாளித்திருக்கலாம். அமெரிக்க மேற்குக் கரையில் வாழும் பட்ராகோசெப்ஸ் என்ற ஒல்லியான சாலமாண்டருக்கு (பல்லி போன்ற தோற்றமுள்ள நீர்நில வாழ்வி)ப் பெரிய மரபணுத்தொகுதி, குறுகிய உடல். அதன் சிவப்பணுக்களில் பெரும்பாலானவற்றில் உட்கரு இல்லை.

மருதன்:
குறுகிய வழியில் நுழைய வேண்டிய நெருக்கடி வந்தால் உட்கருதான் முதலில் கைவிடப்படும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இளவேனில்:
அப்படியானால், மனிதனைவிடப் பத்து மடங்குக்கும் மேலான மரபணுத்தொகுதியுள்ள வேறு பல சாலமாண்டர்கள் உட்கருவுள்ள பெருஞ்செல்களோடு எப்படி நிம்மதியாக வாழ்கின்றன? புதைபடிவ எலும்புகளில் உள்ள நுண்குழாய்த் தடங்களை அளந்தவர்கள், டிரையாசிக் காலத்தில் (சுமார் 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்) பாலூட்டிகளின் முன்னோடிகளிடமும் டைனோசர்களின் முன்னோடிகளிடமும் சிவப்பணுக்கள் சிறுத்தன என்று கணிக்கிறார்கள். இரு கிளைகளும் ஒரே நெருக்கடியைச் சந்தித்திருந்தால், டைனோசர் வழிவந்த பறவைகள் உட்கருவைக் கைவிடாமலே அதைக் கடந்திருக்கின்றன. ஆகவே நெருக்கடி ஒன்றையே காரணமாக்குவதை நான் ஏற்பதற்கில்லை.